விண்டோஸ் 10 போயாச்சு, லினக்ஸ் வந்தாச்சு: ரெக்கார்டிங்குக்கு எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்?

19 அக்டோபர் 2025: வந்த கேள்வி

என் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லையாம். 10-க்கான ஆதரவு 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கோபத்தில் லினக்ஸ் போட்டேன், நன்றாகவே ஓடுகிறது. பாட்டும் கிடாரும் ரெக்கார்ட் செய்ய, மைக்கையும் கிடாரையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால் எந்தப் பெட்டியிலும் விண்டோஸ், மேக் என்றுதான் அச்சடித்திருக்கிறது. லினக்ஸ் என்ற பேச்சே இல்லை. ஆகவே லினக்ஸில் ரெக்கார்டிங் நடக்காது என்பது என் முடிவு. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

19 அக்டோபர், இரவு

நடக்கும். பெட்டியில் லினக்ஸ் என்று தேடாதீர்கள், ஐபேட் என்று தேடுங்கள்.

ஐபேடில் கம்பெனி தரும் டிரைவரை, அதாவது சாதனத்தோடு பேசக் கணினிக்குக் கற்றுத்தரும் மென்பொருளை, நிறுவுவது வழக்கமில்லை. அப்படியும் ஒரு சாதனம் அதில் ஓடுகிறது என்றால், அது யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்ற பொது விதிப்படி பேசுகிறது என்று அர்த்தம். அந்த விதி தெரிந்த டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வகைச் சாதனத்துக்குக் கிளாஸ் கம்ப்ளையன்ட் என்று பெயர். விற்பவரிடம் "லினக்ஸில் ஓடுமா" என்று கேட்டால் முழிப்பார். "ஐபேடில் டிரைவர் இல்லாமல் ஓடுமா" என்று கேளுங்கள், பதில் வரும்.

20 அக்டோபர்

"கிளாஸ் கம்ப்ளையன்ட் என்றாலே மட்டமான சரக்கு, 16 பிட்டுக்கு மேல் போகாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் அதில் பாதி உண்மை இருந்தது.

யுஎஸ்பி ஆடியோ கிளாஸின் முதல் பதிப்பு 1998-இல் வந்தது. அந்தக் காலத்து யுஎஸ்பி வேகம் நொடிக்கு 12 மெகாபிட். ஆடியோ போகும் ஒரு பாதையில் ஒரு மில்லி நொடிக்கு அதிகபட்சம் 1,023 பைட்தான் அனுப்பலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது, ஒவ்வொரு அளவுக்கும் 24 பிட்), இரண்டு சேனல் என்றால் மில்லி நொடிக்கு 288 பைட், தாராளமாகப் போகும். அதே தரத்தில் எட்டு சேனல் என்றால் 1,152 பைட், இடம் போதாது. 96 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சேனலுக்கு 576 பைட். உள்ளே வருவதும் வெளியே போவதும் சேர்ந்தால் மொத்தப் பாதையே நெருக்கியடிக்கும். அதனால்தான் ரோலண்ட் யுஏ-25 மாதிரியான பழைய பெட்டிகள் 96-இல் ரெக்கார்ட் மட்டும் அல்லது பிளே மட்டும் என்று நின்றுவிட்டன.

2006-இல் வந்த இரண்டாம் பதிப்பு நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தைப் பயன்படுத்துகிறது. அதில் இந்தக் கவலை எதுவும் இல்லை. மேக்கும் லினக்ஸும் 2010 வாக்கிலேயே அதைக் கற்றுக்கொண்டன. விண்டோஸ் 2017-இல், 10-இன் 1703 பதிப்பில்தான் கற்றுக்கொண்டது. நடுவில் இருந்த அத்தனை வருடமும் ஒவ்வொரு கம்பெனியும் விண்டோஸுக்கென்று சொந்த டிரைவர் எழுதியே ஆக வேண்டிய நிலை. பெட்டியில் 'டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று போடும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். பல பெட்டிகளில் அந்த வரி விண்டோஸ்காரர்களுக்கு மட்டுமே.

22 அக்டோபர்

"பெயர் சொல்லாமல் தத்துவம் பேசாதீர்கள்" என்று திட்டு வந்தது. சரி.

பெரிங்கர் யுஎம்சி22, யுஎஸ்பி ஆடியோ கிளாஸின் முதல் பதிப்பு வகை: 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், செருகினால் ஓடும், அவ்வளவுதான். பேச்சுக்குப் போதும். பாட்டு ரெக்கார்ட் செய்பவர் அதைத் தாண்டி யுஎம்சி202ஹெச்டி-க்குப் போங்கள், பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும் உள்ளே இருப்பது வேறு. மோட்டு எம்2, எம்4 இரண்டும் ஓடுகின்றன, முகப்பில் லெவல் காட்டும் சின்னத் திரை இருப்பது எனக்குப் பிடிக்கும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசை பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. யுனிவர்சல் ஆடியோவில் வோல்ட் வரிசை கிளாஸ் கம்ப்ளையன்ட். அதே கம்பெனியின் தண்டர்போல்ட் அப்போலோவை லினக்ஸுக்கு என்று நினைக்கவே வேண்டாம்.

சில பெட்டிகளுக்கு இரண்டு முகம் உண்டு. ஆர்எம்இ-யின் பேபிஃபேஸ் ப்ரோ, ஃபயர்ஃபேஸ் யுசிஎக்ஸ் போன்றவற்றில் கிளாஸ் கம்ப்ளையன்ட் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றினால்தான் லினக்ஸ் சாதாரண யுஎஸ்பி ஆடியோ சாதனமாக எடுத்துக்கொள்ளும். ஜூம் யுஏசி-2-இல் இதற்கென்று ஒரு ஸ்விட்ச். யுஏ-25-இன் பின்பக்கத்தில் 'அட்வான்ஸ்' என்ற ஸ்விட்ச், அதை ஆஃப் செய்தால் பொது விதிக்கு வந்துவிடும். செகண்ட் ஹேண்டில் இப்படி ஒன்றை 'வேலை செய்யவில்லை' என்று தள்ளிவிடுகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஸ்விட்சைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

எம்-ஆடியோ டெல்டா கார்டு ஒன்று இன்னும் என் பழைய டெஸ்க்டாப்பில் ஓடுகிறது. உள்ளே ஐசிஇ1712 சிப், கர்னலில் அதற்குப் பல வருடமாக டிரைவர் இருக்கிறது. டிரைவர் சாகவில்லை, பிசிஐ ஸ்லாட்தான் செத்துக்கொண்டிருக்கிறது. புது மதர்போர்டில் அதைச் செருக இடமே இல்லை.

23 அக்டோபர்

ஐபேட் சோதனையைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். எம்1 சிப் வந்த பிறகான ஐபேடுகளில், ஐபேட்ஓஎஸ் 16 முதல், டிரைவரை ஆப் வழியாக நிறுவ வழி இருக்கிறது என்று ஒருவர் எடுத்துக்காட்டினார். உண்மைதான். ஐபோனில் அந்த வழி இல்லை. அதனால் 'ஐபோனில் ஓடுமா' என்று கேட்பதே உத்தமம். ஆப்பிளுக்கென்றே தனிக் கேபிளோடு வந்த பழைய சாதனங்கள் இந்தக் கணக்கில் சேராது. சாதாரண யுஎஸ்பி கேபிள், ஐபோன், லைட்னிங் போர்ட் உள்ள பழைய ஐபோன் என்றால் நடுவில் ஆப்பிளின் யுஎஸ்பி கேமரா அடாப்டர்: இவை சேர்ந்து ஓடினால்தான் சரி.

26 அக்டோபர்

கேள்வி கேட்டவர் செகண்ட் ஹேண்டில் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை வாங்கிவிட்டார். நாம் எழுதி முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. நல்லதுதான். "பென் டிரைவ் மாதிரி ஏதோ ஒன்று திறக்கிறது, உடைந்த சரக்கோ?" என்று கேட்கிறார்.

உடையவில்லை. புதிதாக வரும்போது அது எம்எஸ்டி மோடில் இருக்கும். பதிவு செய்யும் பக்கத்துக்கான இணைப்பைக் காட்டத்தான் பென் டிரைவ் வேஷம். விண்டோஸிலோ மேக்கிலோ அவர்கள் மென்பொருளில் பதிவு செய்தால் வேஷம் கலையும். லினக்ஸ்காரர் முகப்பில் உள்ள 48வி பொத்தானை (மைக்குக்கு 48 வோல்ட் தருவது) அழுத்திப் பிடித்துக்கொண்டு கேபிளைச் செருகினால் போதும். வேஷம் கலையாத வரை சில வசதிகள் பூட்டியே இருக்கும்.

28 அக்டோபர்

இதுவரை எல்லாரும், நானும் சேர்த்துத்தான், 'ஓடுமா ஓடாதா' என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இப்போது அது இரண்டாவது கேள்வியாகத்தான் படுகிறது.

ஒலியை உள்ளே கொண்டுவருவது ஒரு வேலை. பெட்டிக்குள் இருக்கிற மிக்ஸரை, மைக்குக்கு 48 வோல்ட் தரும் ஃபான்டம் பவரை, குரலைக் கணினிக்குள் போகாமல் நேராக ஹெட்போனுக்குத் தரும் டைரக்ட் மானிட்டரை, எந்த ஒலி எந்த ஹெட்போனுக்குப் போக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது வேறு வேலை. முதல் வேலைக்குப் பொது விதி இருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் கம்பெனியின் சொந்த மென்பொருள் கையில் இருக்கிறது, அது விண்டோஸுக்கும் மேக்கிற்கும் மட்டுமே வரும். வண்டி ஓடும், ஜன்னலை இறக்க மட்டும் கம்பெனியைக் கூப்பிட வேண்டும் என்கிற நிலை.

என்னிடம் ஒன்று இருந்தது, பெயர் வேண்டாம். முகப்பில் ஒரே ஒரு பெரிய திருகு, பார்க்க அழகு. லினக்ஸில் செருகியதும் இரண்டு உள்ளீடும் வந்தன. பாடுபவர் தன் குரலைத் தாமதமில்லாமல் ஹெட்போனில் கேட்க வேண்டும் என்றபோதுதான் தெரிந்தது, டைரக்ட் மானிட்டருக்கான ஸ்விட்ச் மென்பொருளுக்குள் இருக்கிறது. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுப்பதும் அங்கேதான். வேறொருவரின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, இரண்டையும் ஆன் செய்து, பெட்டியின் நினைவில் சேமித்து, திரும்பக் கொண்டுவந்தேன். கொஞ்ச காலம் அப்படியே ஓட்டினேன். பிறகு 48 வோல்ட் தேவைப்படாத டைனமிக் மைக் மாட்ட வேண்டி வந்தது, மறுபடி அதே யாத்திரை. விற்றுவிட்டேன்.

அதிலிருந்து வாங்கும் முன்பு முகப்புப் படத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். கெயின் திருகு (உள்ளே வரும் ஒலியைக் கூட்டிக் குறைப்பது), 48வி பொத்தான், லைன் மற்றும் கிடார் மாற்றும் ஸ்விட்ச், டைரக்ட் மானிட்டர், ஹெட்போன் வால்யூம். இவை கையால் தொடும்படி வெளியே இருந்தால் அது எந்த இயங்குதளம் வந்தாலும் தாங்கும். 'ஸ்மார்ட்', 'ஆப் மூலம் கட்டுப்பாடு' என்று விளம்பரம் வந்தால் எனக்கு எச்சரிக்கை மணி அடிக்கும். கம்பெனி நாளைக்கு அந்த ஆப்பைக் கைவிட்டால் விண்டோஸ்காரரும் நம்மோடு வரிசையில் வந்து நிற்பார்.

விதிவிலக்கு ஸ்கார்லெட். ஜெஃப்ரி பென்னட் என்பவர் அதன் உள்மிக்ஸரைக் கட்டுப்படுத்தும் டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்தார், மேலே ஒரு திரையும் எழுதினார், பெயர் ஆல்சா-ஸ்கார்லெட்-ஜியுஐ. நான்காம் தலைமுறையின் சோலோ, 2ஐ2, 4ஐ4-க்கு 6.8 அல்லது அதற்குப் பிந்தைய கர்னல் வேண்டும். அந்தத் தலைமுறையில் பலவற்றில் கெயினே மென்பொருள் வழியாகவும் நகரும், ஆகவே கர்னல் பதிப்பைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

28 அக்டோபர், கொஞ்சம் கழித்து

மோட்டுவின் ஏவிபி வரிசையை மறந்துவிட்டேனா என்று கேட்கிறார்கள். அவை கட்டுப்பாட்டுப் பக்கத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கின்றன. நெட்வொர்க் கேபிள் வழியாக பிரவுசரில் திறக்கலாம், பிரவுசர் எதில் ஓடுகிறது என்று அதற்குக் கவலை இல்லை. எல்லாரும் இப்படிச் செய்தால் நான் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது.

2 நவம்பர்

"ரெக்கார்ட் ஆரம்பித்த முதல் நொடியில் ஒரு 'டிக்', சில நேரம் முதல் வார்த்தையே காணோம்." லேப்டாப் என்றால் முதல் சந்தேகம் மின்சேமிப்பு. சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைக் கணினி தூங்க வைக்கிறது, எழும்ப நேரம் எடுக்கிறது. டிஎல்பி மாதிரி பேட்டரி சேமிக்கும் மென்பொருள் போட்டிருந்தால் அதில் இந்தச் சாதனத்துக்கு விலக்குக் கொடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் ஹப். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒரு சாதனத்துக்குத் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். 48 வோல்ட் ஃபான்டமில் ஒரு மைக் அதிகபட்சமாக 10 மில்லி ஆம்பியர் இழுக்கலாம், கிட்டத்தட்ட அரை வாட். இரண்டு கண்டென்சர் மைக் என்றால் ஒரு வாட், 5 வோல்ட்டை 48 ஆக்குவதில் ஆகும் நஷ்டம் தனி. மிச்சத்தில்தான் மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பும் ஹெட்போனும் பிழைக்க வேண்டும். அதே ஹப்பில் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டிவிட்டு 'லினக்ஸ் சரியில்லை' என்றால் லினக்ஸ் என்ன செய்யும்?

5 நவம்பர்

வாங்கும் முன் சோதிக்க நினைப்பவர்கள் விர்ச்சுவல் மெஷினில் போட்டுப் பார்க்காதீர்கள். அங்கே ஒலி நொறுங்கினால் அது பெட்டியின் குணமா, நடுவில் இருக்கும் மாயக் கணினியின் குணமா என்று சொல்லவே முடியாது. லைவ் யுஎஸ்பியில், அதாவது நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவில், நேராகப் பூட் செய்து சாதனத்தைச் செருகுங்கள். ப்ராக் கோப்பகத்துக்குள் அசவுண்ட் என்று ஒரு இடம் இருக்கிறது, அதில் உங்கள் கார்டுக்கான ஸ்ட்ரீம்0 கோப்பைத் திறந்தால் எத்தனை சேனல், எத்தனை பிட், எந்தெந்த சாம்பிள் ரேட் என்று சாதனம் தானே ஒப்புக்கொண்டது அப்படியே இருக்கும். பெட்டியில் அச்சடித்ததை விட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

5 நவம்பர்

உள்ளமைந்த மைக் செத்துக் கிடக்கிறது என்பவருக்கு: புது லேப்டாப், இன்டெல் சிப் என்றால் சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர் பேக்கேஜ் இருக்கிறதா பாருங்கள், சுருக்கமாக எஸ்ஓஎஃப். இல்லையென்றால் நிறுவி மறுபடி பூட் செய்யுங்கள். ஆனால் அந்த மைக்கில் பாட்டு ரெக்கார்ட் செய்யப் போகிறீர்களா? வேண்டாமே.

9 நவம்பர்

வாசித்ததற்கும் அது கணினி வழியாக ஹெட்போனில் கேட்பதற்கும் நடுவில் வரும் தாமதம் பற்றித் தொடர்ந்து கேட்கிறார்கள்.

லினக்ஸ் ஒலியின் வரலாறு தெரியாமல் இணையத்தில் தேடினால் மண்டை காயும். ஒவ்வொரு காலத்து அறிவுரையும் அப்படியே கிடக்கிறது, ஒன்றை ஒன்று வெட்டும். ஆல்சா என்ற ஒலி அமைப்பு கர்னலில் இருப்பது, 2003 இறுதியில் வந்த 2.6 முதல் அதுதான் அடிப்படை. அதன் மேல் ரெக்கார்டிங்காரர்களுக்கு ஜாக், மற்றவர்களுக்குப் பல்ஸ்ஆடியோ என்று, ஒலியை மென்பொருள்களுக்குப் பங்கிட இரண்டு வீடு இருந்தது. ஒன்றைத் திறந்தால் இன்னொன்றை மூட வேண்டும், பிரவுசரில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ரெக்கார்ட் செய்ய நினைத்தால் தலைவலி. விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர் இரண்டின் வேலையையும் எடுத்துக்கொண்டது. ஃபெடோரா 34 அதை 2021-இல் இயல்பாக வைத்தது, 2023 நவம்பரில் 1.0 ஆனது. இன்று புதிதாக லினக்ஸ் போட்டவரிடம் பெரும்பாலும் பைப்வயர்தான் இருக்கும். 2012-இல் யாரோ எழுதிய ஜாக் வழிகாட்டியைப் பார்த்துப் பாதி மென்பொருளை அழித்துவிடாதீர்கள்.

பைப்வயர் வழக்கமாக 1,024 சாம்பிள் பஃபரில் ஓடும், அதாவது ஒலியை அத்தனை அளவுகள் கொண்ட துண்டுகளாகக் கையாளும். 48 கிலோஹெர்ட்ஸில் அது 21 மில்லி நொடிக்கு மேல். பாட்டுக் கேட்கப் போதும், கிடார் வாசித்துக்கொண்டே ஆம்ப் மென்பொருள் வழியாகக் கேட்க முடியாது. 128-க்குக் குறைத்தால் 2.7 மில்லி நொடி. ஆனால் இது ஒரு பஃபரின் நீளம் மட்டும். உள்ளே, வெளியே, யுஎஸ்பி, பெட்டிக்குள் நடக்கும் மாற்றம் எல்லாம் சேர்ந்தால் இதைப் போலப் பல மடங்கு வரும். நிஜத்தை அளக்க வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளை மாட்டி, ஜாக்-டிலே மாதிரி ஒரு கருவியை ஓட்டுங்கள். மென்பொருள் திரையில் காட்டும் எண்ணை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

அவசர வேலையைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கும் ரியல்டைம் கர்னல் தேவையா? 2024 இறுதியில் வந்த 6.12-இல் அந்த வசதி பிரதான கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. ஆனால் தனியாகப் பாடி ரெக்கார்ட் செய்பவர் அதைத் தேடிப் போக வேண்டாம். டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் பாடும்போது தாமதமே பிரச்சினை இல்லை. மறுபடி முகப்புப் பொத்தானுக்கே வந்துவிட்டேன், பாருங்கள்.

10 நவம்பர்

எம்4 வாங்கியவருக்கு நான்கு உள்ளீடும் 'சரவுண்ட் 4.0' என்று வருகிறதாம், முன் இடது பின் வலது என்று. ரெக்கார்டிங்குக்கு அது உதவாது. வால்யூம் கன்ட்ரோல் மென்பொருளில் கான்ஃபிகரேஷன் பகுதிக்குப் போய் ப்ரோ ஆடியோ என்ற ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். சேனல்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நேராக வரும். மென்பொருள் வால்யூமும் குறுக்கே வராது. ரெக்கார்ட் செய்யும் மென்பொருள் ஆர்டரோ ரீப்பரோ எதுவானாலும் அதற்கப்புறம் திறவுங்கள்.

16 நவம்பர்

இங்கே மேக்காரர் ஒருவர் வந்து அழுதார், அதனால் கொஞ்சம் தடம் மாறுகிறேன். மேக்ஓஎஸ் 26-க்கு மாறியதும் ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் அவருடைய இன்டர்ஃபேஸ் காணாமல் போய்விட்டது. அடாப்டர் மேல் அடாப்டர் மாட்டி இத்தனை வருடம் காப்பாற்றியிருக்கிறார். பெட்டியில் கோளாறு இல்லை. ஃபயர்வயர் ஆதரவையே அந்தப் பதிப்பு எடுத்துவிட்டது. பழைய பதிப்பில் ஒரு கணினியை அப்படியே நிறுத்தி வைப்பதுதான் மேக்கில் வழி.

வேடிக்கை என்னவென்றால், லினக்ஸ் கர்னலில் ஃபயர்வயரை இன்னும் பராமரிக்கிறார்கள், 2029 வரை என்று திட்டமும் சொல்லியிருக்கிறார்கள். பல ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ்களுக்குக் கர்னலிலேயே டிரைவர் உண்டு, சிலவற்றுக்கு ஃபாடோ என்ற தனி மென்பொருள். ஆகவே எட்டு மைக் ப்ரீஆம்ப் உள்ள பழைய பெட்டியை யாராவது சும்மா கொடுத்தால், ஃபயர்வயர் கார்டு போட ஸ்லாட் உள்ள டெஸ்க்டாப் இருந்தால், வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்டர்போல்ட் பற்றி ஒரு வரி: அது யுஎஸ்பி போல் பொது ஆடியோ விதி உள்ளதல்ல, கணினிக்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு செருகுவதற்குச் சமம். டிரைவர் எழுதியவர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

17 நவம்பர்

"அப்போ விண்டோஸ் 11 புது லேப்டாப் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லைதானே?" ஆர்ம் சிப் உள்ள லேப்டாப் என்றால் இருக்கிறது. சாதாரண விண்டோஸ் மென்பொருளை அது எமுலேஷனில் ஓட்டும், ஆனால் கர்னல் டிரைவரை அப்படி ஓட்ட முடியாது, ஆர்ம்64-க்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். கம்பெனி எழுதவில்லை என்றால் அங்கேயும் கிளாஸ் கம்ப்ளையன்ட் பெட்டிதான் கைகொடுக்கும். ஆப்பிள் சிலிக்கானில் பழைய வகை கர்னல் எக்ஸ்டென்ஷன் கேட்கும் இன்டர்ஃபேஸ் என்றால், ரிக்கவரிக்குள் போய்ப் பாதுகாப்பு நிலையைக் குறைக்க வேண்டும். எந்தப் பக்கம் ஓடினாலும் இதே பாட்டு.

30 நவம்பர்

இரண்டு பேர் பேசும் நிகழ்ச்சிக்கு இரண்டு யுஎஸ்பி மைக் வாங்கியிருக்கிறார் ஒருவர். இரண்டும் தனித்தனியாக ஓடுகின்றன, சேர்த்து ரெக்கார்ட் செய்தால் போகப் போக ஒருவர் பேச்சு மற்றவரிடமிருந்து விலகுகிறது.

ஒவ்வொரு யுஎஸ்பி மைக்குக்குள்ளும் சாம்பிள் வேகத்தை நிர்ணயிக்கும் சொந்த கிளாக் இருக்கிறது. இரண்டும் 48,000 என்றுதான் சொல்லும், ஆனால் துளி வித்தியாசம் இருக்கும். பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி. பேச்சில் அது நன்றாகவே தெரியும். மேக்கில் இரண்டையும் சேர்த்து ஒரே சாதனமாக்கி விலகலைத் திருத்தச் சொல்லலாம். லினக்ஸிலும் பைப்வயர் வழியாக இணைத்தால் ஒன்றின் வேகத்துக்கு மற்றதை மாற்றிக்கொடுக்கும், ஜீட்டா-ஏஜேபிரிட்ஜ் என்ற பழைய கருவியும் அதைத்தான் செய்கிறது. என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்றை விற்றுவிட்டு, சாதாரண மைக் கேபிளுக்கான எக்ஸ்எல்ஆர் உள்ளீடு இரண்டு உள்ள ஒரு இன்டர்ஃபேஸுக்குப் போங்கள். ஒரே கிளாக், தலைவலி இல்லை.

"கையடக்க ரெக்கார்டரில் பதிந்து கார்டைக் கணினியில் செருகினால் இயங்குதளமே பிரச்சினை இல்லையே" என்று கீழே ஒருவர். ஆமாம். நேர்காணலுக்கும் வெளியிடத்துக்கும் அதுதான் நல்ல வழி. ஏற்கெனவே பதிந்த தாளத்தைக் கேட்டுக்கொண்டே மேலே பாட வேண்டும் என்றால்தான் இன்டர்ஃபேஸ் தேவை.

14 டிசம்பர்

டிரம்ஸ் ரெக்கார்ட் செய்ய எட்டு மைக் வேண்டும், எட்டும் லினக்ஸில் நம்பி ஓட வேண்டும் என்று ஒரு கேள்வி.

இதற்கு எட்டு ப்ரீஆம்ப் உள்ள யுஎஸ்பி பெட்டியைத் தேடுவதை விட இன்னொரு வழி எனக்குப் பிடிக்கும். ஒரே ஒளிக் கேபிளில் எட்டு சேனல் வரை வாங்கும் ஏடாட் ஆப்டிகல் உள்ளீடு உள்ள, லினக்ஸில் ஓடுவது உறுதியான ஒரு இன்டர்ஃபேஸை எடுங்கள், ஸ்கார்லெட் 18ஐ8 மாதிரி. அதனோடு பெரிங்கர் ஏடிஏ8200 போன்ற தனி ப்ரீஆம்பை ஆப்டிகல் கேபிளால் இணையுங்கள். அந்த ப்ரீஆம்ப் கணினியோடு பேசவே பேசாது, அதற்கு டிரைவர் கிடையாது, அப்டேட் கிடையாது, எந்த இயங்குதளம் என்று தெரியவும் தெரியாது. எட்டு கெயின் திருகும் முகப்பிலேயே இருக்கின்றன. தனியாக ஓடும் வசதியும் ஏடாட் வெளியீடும் உள்ள பழைய இன்டர்ஃபேஸ் வீட்டில் சும்மா கிடந்தால், அதன் யுஎஸ்பி டிரைவர் செத்துப்போயிருந்தாலும் இந்த வேலைக்கு ஆகும். அமைப்பைச் சேமிக்க மட்டும் ஒரு முறை பழைய கணினி தேவைப்படலாம்.

15 டிசம்பர்

மாட்டிவிட்டாராம், எட்டு சேனலும் வருகின்றன, ஆனால் சீரில்லாமல் அங்கங்கே 'டிக், டிக்' என்கிறது. கிளாக் சோர்ஸ் இன்டர்னலில் இருக்கிறது. இன்டர்ஃபேஸில் அதை ஏடாட்டுக்கு மாற்றுங்கள், இரண்டு பெட்டியிலும் ஒரே சாம்பிள் ரேட் இருக்கட்டும். ஆல்சா-ஸ்கார்லெட்-ஜியுஐ-யில் கிளாக் சோர்ஸ் என்று மேலேயே இருக்கும், 'லாக்டு' என்று காட்டினால் சரி. 96 கிலோஹெர்ட்ஸில் செய்யலாமா என்றால், அந்த ஆப்டிகல் கேபிள் ஒன்றில் 48 வரை எட்டு சேனல், 96-இல் நான்குதான். ஏடிஏ8200 எப்படியும் 48-க்கு மேல் போகாது.